‘பர்ச்சஸ்’ என்ற ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உயர்தர மாணவர்களுக்கு ஆங்கிலமும் கணக்கியலும் கற்பித்துவரும் எனக்கு, ‘பர்ச்சஸ்’ என்ற ஒரே சொல்லைப் பற்றி இரண்டு வகுப்புகளிலும் ஓயாமல் கேள்வி வருகிறது. வகுப்புக்கு வெளியே கடைக்காரர்களும் ஓட்டோ வைத்திருப்பவர்களும் கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு அதே சொல்லைப் பற்றிக் கேட்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தந்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக வருகின்றன.

‘பை’ எண்டாலும் வாங்கிறது, ‘பர்ச்சஸ்’ எண்டாலும் வாங்கிறது. பிறகேன் ரெண்டு சொல்?

‘பை’ ஆங்கிலத்தின் சொந்தச் சொல். ‘பர்ச்சஸ்’ பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், பல நூற்றாண்டுகளுக்கு நீதிமன்றத்திலும் அரண்மனையிலும் பிரெஞ்சு வழங்கியதால், ஒரே செயலுக்கு வீட்டுச் சொல் ஒன்றும் அலுவலகச் சொல் ஒன்றுமாக ஆங்கிலத்தில் பல சோடிகள் நிலைத்துவிட்டன. இவை இரண்டும் அத்தகைய சோடியே.

பொருள் ஒன்றுதான் என்றாலும் இடம் வேறு. மீன் சந்தையில் ஒரு கிலோ பாரை வாங்கியதை நண்பனிடம் சொல்லும்போது ‘பர்ச்சஸ்ட்’ என்றால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் அது பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுப்பது போல ஒலிக்கும். பில், ஒப்பந்தம், உறுதி, கணக்கேடு, விண்ணப்பக் கடிதம் என்று எழுத்தில் பதிவாகும் வாங்குதலுக்கு ‘பர்ச்சஸ்’ பொருந்தும். வாயால் பேசும்போது ‘பை’, தாளில் பதியும்போது ‘பர்ச்சஸ்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் பிழை விட இடமில்லை.

எழுத்தைப் பார்த்தால் ‘பர்சேஸ்’ எண்டுதானே வருது?

எழுத்து அப்படித்தான் ஏமாற்றுகிறது. அழுத்தம் முதல் அசையில் விழுவதால், இரண்டாம் அசை தேய்ந்து ‘பர்ச்சஸ்’ என்று முடிகிறது. ‘சேஸ்’ என்று நீட்டக்கூடாது. இதே காரணத்தால்தான் ‘பர்ச்சஸிங்’, ‘பர்ச்சஸர்’ என்பவற்றிலும் நீட்டல் இல்லை. ஆனாலும் துரத்துதலைக் குறிக்கும் ‘சேஸ்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவு உண்டு. அதைக் காணி பற்றிய கேள்வியில் பார்க்கலாம்.

இது வினைச்சொல்லா, பெயர்ச்சொல்லா?

இரண்டும்தான். உச்சரிப்பும் மாறாது. பெயராக வரும்போது வாங்கும் செயலையும் குறிக்கும், வாங்கிய பொருளையும் குறிக்கும். வாங்கும் செயலைச் சொல்ல ‘மேக் எ பர்ச்சஸ்’ என்பதே வழக்கு. ‘டூ எ பர்ச்சஸ்’ என்று மாணவர் எழுதுவதை நான் ஒவ்வொரு தவணையிலும் திருத்துகிறேன்.

தமிழில ‘வாங்கினேன்’ எண்டு வந்தால் எல்லா இடத்திலயும் ‘பர்ச்சஸ்ட்’ போடலாமா, சேர்?

கூடாது. எனக்கு வரும் பிழைகளில் பெரும் பகுதி இதிலிருந்துதான் பிறக்கிறது. தமிழின் ‘வாங்கு’ மிகவும் அகலமான சொல். கடையில் அரிசி வாங்குகிறோம். வங்கியில் கடன் வாங்குகிறோம். பரீட்சையில் புள்ளி வாங்குகிறோம். அப்பாவிடம் பேச்சும் வாங்குகிறோம். கைக்கு வந்து சேரும் எதையும் தமிழில் வாங்கலாம். ஆங்கிலத்தின் ‘பர்ச்சஸ்’ அப்படியல்ல. ஒரு பொருள் வந்தால் அதற்கு ஈடாகப் பணம் போயிருக்க வேண்டும்.

கடனுக்கு ‘பொரோ’, புள்ளிக்கு ‘கெட்’ அல்லது ‘ஸ்கோர்’, பேச்சுக்கு வேறு வாக்கிய அமைப்பே வேண்டும். இவற்றில் பிழை விட்டால் வாசிப்பவர் சிரித்துவிட்டுப் போவார். ஆனால் ‘கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கினேன்’ என்பதை ‘ஐ பர்ச்சஸ்ட் எ செர்டிபிகேட் ஃப்ரொம் த கிராம நிலதாரி’ என்று வேலை விண்ணப்பத்தில் எழுதினால், காசு கொடுத்துச் சான்றிதழ் பெற்றதாக நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். அங்கே ‘ஒப்டெய்ன்ட்’ என்று எழுத வேண்டும். ஐயம் வரும்போது உங்கள் தமிழ் வாக்கியத்தில் ‘காசு கொடுத்து’ என்ற சொற்களைச் செருகிப் பாருங்கள். பொருள் கெடாவிட்டால் மட்டுமே ‘பர்ச்சஸ்’ பொருந்தும்.

‘பாட்’, ‘ப்ராட்’ ரெண்டும் எனக்கு எப்பவும் குழம்புது. ‘பர்ச்சஸ்ட்’ எண்டு போட்டுத் தப்பலாமா?

‘பாட்’ என்பது வாங்கினேன், ‘ப்ராட்’ என்பது கொண்டுவந்தேன். ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. ‘ர’ ஒலி இருந்தால் கொண்டுவந்தது. பரீட்சை மண்டபத்தில் தடுமாறும்போது ‘பர்ச்சஸ்ட்’ என்று எழுதுவது பிழையற்ற வழிதான். ஆனால் கட்டுரை முழுவதும் அம்மா மரக்கறியையும் பாணையும் ‘பர்ச்சஸ்’ செய்துகொண்டிருந்தால் திருத்துபவருக்குக் காரணம் புரிந்துவிடும். ஒரு முறை தப்பலாம். அதற்குமேல் ‘பாட்’டைப் படித்துக்கொள்வதே நல்லது.

‘தம்பிக்கு சைக்கிள் வாங்கினேன்’ எண்டதுக்கு ‘டு’ வருமா, ‘ஃபோ’ வருமா?

‘ஃபோ’ வரும். தமிழில் ‘கு’ உருபு கொடுத்தலுக்கும் வருகிறது, ஒருவருக்காகச் செய்வதற்கும் வருகிறது. ஆங்கிலம் இவ்விரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. வாங்கிய இடத்தையோ ஆளையோ சொல்ல ‘ஃப்ரொம்’ வரும். விலையைச் சொல்லவும் ‘ஃபோ’தான் என்பதால், தம்பியும் விலையும் ஒரே வாக்கியத்தில் வந்தால் இரண்டு ‘ஃபோ’ நிற்கும். அதில் பிழையில்லை.

இன்னொரு நுணுக்கம் உண்டு. ‘பை மீ எ புக்’ என்பது இயல்பான ஆங்கிலம். ‘பர்ச்சஸ் மீ எ புக்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘பர்ச்சஸ் எ புக் ஃபோ மீ’ என்றே சொல்ல வேண்டும். பிரெஞ்சு வழி வந்த வினைகளில் பல இப்படி ஆளை முன்னால் வைக்க இடங்கொடுப்பதில்லை.

‘பை’ வருற இடமெல்லாம் ‘பர்ச்சஸ்’ வருமா?

நேரத்தை இழுத்தடிப்பதை ஆங்கிலத்தில் ‘பை டைம்’ என்பார்கள். ஒருவர் சொல்வதை நம்பவில்லை என்பதற்கும் ‘ஐ டோன்ட் பை இட்’ என்பார்கள். இந்த இரண்டு இடத்திலும் ‘பர்ச்சஸ்’ வராது. மறுபுறம், பின்னால் வரும் சில பொருள்களில் ‘பர்ச்சஸ்’ மட்டுமே வரும், ‘பை’ எட்டியும் பார்க்காது.

பாடப்புத்தகத்தில ‘கொள்வனவு’, இந்தியச் செய்தியில ‘கொள்முதல்’, கச்சேரியில ‘பெறுகை’. எதைத்தான் எழுதுறது?

‘கொள்வனவு’ இலங்கைத் தமிழின் வழக்கு. ‘கொள்முதல்’ தமிழ்நாட்டு வழக்கு. கந்தளாயில் நெல் சந்தைப்படுத்தும் சபை நெல்லைக் கொள்வனவு செய்கிறது; தஞ்சாவூரில் அதே வேலையை நேரடி நெல் கொள்முதல் நிலையம் செய்கிறது. இரண்டும் ‘பர்ச்சஸ்’தான். இலங்கைப் பரீட்சை எழுதுபவர் ‘கொள்வனவு’ என்று எழுதுவதே முறை.

‘பெறுகை’ வேறு சொல்லின் தமிழ், அது ‘புரொகியூர்மென்ட்’. தேவையைக் கண்டறிதல், மதிப்பீடு, விலைமனுக் கோரல், குழு கூடித் தெரிவுசெய்தல், ஒப்பந்தம், பொருளைப் பொறுப்பேற்றல் ஆகிய நீண்ட தொடர் முழுவதும் பெறுகை. அதன் நடுவே பொருளை விலைகொடுத்துப் பெறும் ஒரு படியே கொள்வனவு. 2015இன் 19ஆவது அரசியலமைப்புத் திருத்தம் உருவாக்கிய ஆணைக்குழுவின் பெயர் ‘தேசிய பெறுகை ஆணைக்குழு’ என்றிருப்பது இதனால்தான். அலுவலகக் கடிதங்களில் இவற்றை மாற்றி எழுதுவோர் பலர். எழுதுவினைஞருக்கு அது சின்ன விடயமாகத் தோன்றலாம், கணக்காய்வாளருக்கு அப்படியல்ல.

கடைக்கு ஃபிரிட்ஜ் வாங்கினன். காசு போனது போனதுதானே, ஏன் அதைக் கொள்வனவுக் கணக்கில போடக்கூடாது?

கணக்கியலில் ‘பர்ச்சஸஸ்’ என்பது மீண்டும் விற்பதற்காக வாங்கிய சரக்கை மட்டுமே குறிக்கும். பேச்சு வழக்கை விட இது மிகவும் ஒடுங்கிய பொருள். மத்திய வீதியில் பலசரக்குக் கடை நடத்துபவர் விற்பதற்கு வாங்கிய அரிசி மூட்டைகள் கொள்வனவு. குளிர்பானம் வைக்க வாங்கிய ஃபிரிட்ஜ் நடைமுறையல்லாச் சொத்து, அதாவது பல ஆண்டுகள் வைத்துப் பயன்படுத்தும் சொத்து. கூட்டுவதற்கு வாங்கிய தும்புத்தடி செலவு. ஆனால் அடுத்த கடைக்காரர் மின்சாதன வியாபாரியாக இருந்தால் அதே ஃபிரிட்ஜ் அவருக்குக் கொள்வனவாகிவிடும். பொருளைப் பார்க்காமல் வாங்கியதன் நோக்கத்தைப் பார்க்க வேண்டும்.

மாற்றிப் போட்டால் என்ன கெடும் என்று ஒரு கடைக்காரர் என்னுடன் வாதாடினார். 180,000 ரூபா ஃபிரிட்ஜைக் கொள்வனவில் சேர்த்தால், விற்பனைக் கிரயம் 180,000 ரூபாவால் ஏறி, மொத்த இலாபம் அதே தொகையால் இறங்கிவிடும். வியாபாரம் நன்றாக நடந்த ஆண்டு நட்டமான ஆண்டாகத் தெரியும். வங்கிக் கடனுக்குக் கணக்கைக் கொண்டுபோனால் முகாமையாளர் முகத்தைச் சுளிப்பார். ஃபிரிட்ஜின் கிரயம் அது உழைக்கும் ஆண்டுகளுக்குத் தேய்மானமாகப் பகிரப்பட வேண்டியது.

மாணவர்களுக்கு மேலும் இரண்டு குறிப்புகள். கொள்வனவு நாளேட்டில் கடனுக்கு வாங்கிய சரக்கு மட்டுமே பதியப்படும். காசுக்கு வாங்கியது காசேட்டுக்குப் போகும். உரிமையாளர் கடையிலிருந்து வீட்டுக்கு எடுத்துச்சென்ற அரிசி எடுப்பனவாகும். அதன் கிரயம் கொள்வனவிலிருந்து கழிக்கப்படும். இந்த இரண்டாவதை மறந்துவிட்டுத்தான் பலர் மொத்த இலாபத்தைப் பிழையாக எடுக்கிறார்கள்.

‘பர்ச்சஸ் ஓடர்’, இன்வொய்ஸ், பில் எல்லாம் ஒண்டுதானே?

இல்லை. ‘பர்ச்சஸ் ஓடர்’ வாங்குபவர் விற்பவருக்கு முன்கூட்டி எழுதும் கட்டளை. இன்வொய்ஸ் விற்பவர் சரக்குடன் வாங்குபவருக்கு அனுப்புவது. பணம் கைமாறிய பின் தருவது பற்றுச்சீட்டு. பொருளைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது கேட்கப்படும் ‘ப்ரூஃப் ஒஃப் பர்ச்சஸ்’ இந்தப் பற்றுச்சீட்டுத்தான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. கேட்காமல் வந்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்களே அதிகம்.

ஓட்டோவை ‘ஹயர் பர்ச்சஸில’ எடுத்தன். அப்ப அது என்ர தானே?

கடைசித் தவணையைக் கட்டும்வரை உங்களுடையது அல்ல. பெயரிலேயே விடை இருக்கிறது: முதலில் வாடகை, முடிவில் கொள்வனவு. ஒவ்வொரு தவணையும் வாகனத்தைப் பயன்படுத்துவதற்கான வாடகையாகக் கருதப்படும். தவணைகள் யாவும் தீர்ந்து, வாங்கும் உரிமையை நீங்கள் பயன்படுத்தும்போதே உரித்து உங்களிடம் வரும். இலங்கையில் இதை 1982ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க நுகர்வோர் கடன் சட்டம் ஆளுகிறது. எல்லோரும் வாயில் வைத்திருக்கும் லீசிங் வேறு ஏற்பாடு. அதற்கு 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டம் உண்டு.

கையொப்பமிட்ட தாள் எது என்பதை அறிய வாகனப் பதிவுப் புத்தகத்தை மட்டும் பார்ப்பது போதாது. இரண்டு வகையிலும் அதில் நிதி நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளர் என்ற இடத்திலும், உங்கள் பெயர் பதிவு உரிமையாளர் என்ற இடத்திலும் இருக்கும். ஒப்பந்தத்தின் தலைப்பை வாசியுங்கள்.

கடைப்பக்கமே போகேல்ல, ஆனா ‘பர்ச்சஸ்’ எண்டு பாங்க் மெசேஜ் வந்திருக்கு. என்ன இது?

வங்கிக் குறுஞ்செய்தியில் அந்தச் சொல், உங்கள் அட்டையைக் கொண்டு பொருளுக்கோ சேவைக்கோ பணம் செலுத்தப்பட்டதைக் குறிக்கும். இயந்திரத்தில் காசு எடுத்தால் வேறு சொல் வரும். கடைக்குப் போகாமலும் இது நிகழும். மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கும் செயலிச் சந்தாவும், பிள்ளைகள் விளையாட்டுக்குள் வாங்கும் ‘இன்-ஆப் பர்ச்சஸ்’ஸும் வழக்கமான காரணங்கள். முதலில் வீட்டுப் பிள்ளைகளை விசாரியுங்கள்; அவர்களும் இல்லையென்றால் தாமதிக்காமல் வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்துங்கள்.

‘பர்ச்சஸிங் பவர்’ குறைஞ்சிட்டுது எண்டால் ஆருடைய பவர்?

பணத்தின் கொள்வனவுச் சக்தி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. அதாவது, ஓராண்டுக்கு முன் 1,000 ரூபாவுக்கு வாங்கிய அதே பொருள்களுக்கு 1,698 ரூபா தேவைப்பட்டது. கையிலிருந்த 1,000 ரூபா பழைய விலையில் ஏறக்குறைய 589 ரூபா பெறுமதியான பொருளையே வாங்கித் தந்தது. அது கொழும்புக் கூடைக்கான கணக்கு என்றாலும், இங்கே சந்தைக்குப் போனவர்களுக்கும் அந்த ஆண்டைப் பற்றி விளக்கத் தேவையில்லை.

கோட்டைக்குள்ள வெலிங்டன் இருந்த வீடு இருக்கே. அவர் பதவியை ‘பர்ச்சஸ்’ பண்ணினவர் எண்டு வாசிச்சன். லஞ்சமா?

லஞ்சம் அல்ல, அக்காலத்தில் அது சட்டபூர்வமான முறை. பிரித்தானியத் தரைப்படையின் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரிப் பதவிகளுக்கு விலை குறிக்கப்பட்டிருந்தது. காலியாகும் பதவியைப் பணம் செலுத்திப் பெறுவதைப் ‘பர்ச்சஸ்’ என்றே ஆவணங்களில் எழுதினார்கள். பிரெட்ரிக் கோட்டையில் தங்கியிருந்த ஆர்தர் வெலஸ்லி, பின்னாளில் வெலிங்டன் கோமகன் ஆனவர், 1793இல் 33ஆம் படைப்பிரிவில் மேஜர் பதவியையும் அதே ஆண்டிலேயே லெப்டினன்ட் கேர்ணல் பதவியையும் அவ்வாறு பெற்றார். இம்முறை 1871இல் ஒழிக்கப்பட்டது. கடற்படையில் இது இருந்ததில்லை. ஆகவே நம் துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களின் அதிகாரிகளைப் பற்றி இப்படிச் சொல்ல முடியாது.

அலாஸ்காவை ‘பர்ச்சஸ்’ எண்டுறாங்கள், இங்க அரசாங்கம் காணி எடுத்தால் ‘பர்ச்சஸ்’ இல்லையாம். ஏன்?

1867இல் அமெரிக்கா 72 இலட்சம் டொலர் கொடுத்து ரஷ்யாவிடம் அலாஸ்காவைப் பெற்றது. 1803இல் 150 இலட்சம் டொலருக்குப் பிரான்சிடம் லூசியானாவைப் பெற்றது. இரண்டிலும் விற்பவர் சம்மதித்து விற்றார். அங்கே வசித்த பூர்வகுடிகளை யாரும் கேட்கவில்லை என்பது வேறு வழக்கு. அரசு பொதுத் தேவைக்காக 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணியை எடுக்கும்போது உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை. நட்டஈடு கொடுக்கப்பட்டாலும் அது சுவீகரிப்பு, ‘பர்ச்சஸ்’ ஆகாது.

பழைய ஆங்கிலக் காணிச் சட்டத்தில் இச்சொல் இன்னும் வியப்பானது. வாரிசாக வந்த காணியைத் தவிர்த்து, வேறு எந்த வழியில் காணி வந்தாலும், நன்கொடையாக வந்தாலும் மரணசாசனத்தால் வந்தாலும், அது ‘பர்ச்சஸ்’ எனப்பட்டது. பணம் போயிருக்க வேண்டும் என்று நான் மேலே வற்புறுத்திய விதி இந்த ஓரிடத்தில் செல்லாது. காரணம் சொல்லின் பிறப்பில் உள்ளது. இதன் மூலமான பழைய பிரெஞ்சு வினைக்கு, விடாமல் தேடிப் பின்தொடர்ந்து பெறுதல் என்றே பொருள். துரத்தலைக் குறிக்கும் ‘சேஸ்’ அதற்குள் இருக்கிறது. விலை கொடுத்தல் என்ற பொருள் பின்னர் வந்து ஒட்டியது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: முன்னோர் வழி வந்தது முதுசம், தாமே தேடியது தேடிய தேட்டம். ஆங்கிலேயர் துரத்திப் பெற்றதை நாம் தேடிப் பெற்றோம். இரண்டும் சட்டத்தில் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவைக்கிறேன். நன்கொடை ஆங்கிலச் சட்டத்தில் ‘பர்ச்சஸ்’ ஆகும், தேசவழமையில் தேடிய தேட்டம் ஆகாது.

துறைமுகத்தில வேலை செய்யிற மாமா கப்பிக்கும் கயிறுக்கும் ‘பர்ச்சஸ்’ எண்டு சொல்லுறார். பிழையாச் சொல்லுறாரோ?

மாமா சொல்வது சரி. கப்பலோட்டிகளின் வழக்கில், கப்பிகளில் கயிற்றைக் கோத்துப் பாரத்தைத் தம் பக்கம் இழுத்தெடுப்பது ‘பர்ச்சஸ்’. அந்தக் கப்பித்தொகுதிக்கும் அதுவே பெயர். தேடிப் பெறுதல் என்ற பழைய பொருள் இங்கே சிறிது சிறிதாக இழுத்துப் பெறுதலாக நிற்கிறது. மேலே இரட்டைக் கப்பி, கீழே இரட்டைக் கப்பி வைத்துக் கோத்தது ‘டூ-ஃபோல்ட் பர்ச்சஸ்’. இழுக்கும் நுனி மேலே நிலையாக உள்ள கப்பியிலிருந்து வந்தால், பாரத்தை நான்கு கயிற்றுப் பகுதிகள் தாங்கும். உராய்வை விட்டுவிட்டால் 400 கிலோவை 100 கிலோவுக்கான விசையால் தூக்கலாம். அதற்கு விலையாக, பாரம் 1 மீற்றர் உயர 4 மீற்றர் கயிற்றை இழுக்க வேண்டும். விஞ்ஞானப் பாடத்தில் இதைத்தான் பொறிமுறை நயம் என்று படிக்கிறீர்கள்.

இங்கிருந்தே பிடிமானம் என்ற பொருளும் வந்தது. ஈர மணலில் சில்லு பிடிக்காமல் சுழன்றாலும், பாசி படர்ந்த பாறையில் கால் ஊன்ற இடமில்லாவிட்டாலும், ஆங்கிலத்தில் ‘நோ பர்ச்சஸ்’ என்று எழுதுவார்கள். வாசிக்கும்போது இதை இனங்காண ஓர் அடையாளம் உண்டு: பிடிமானப் பொருளில் சொல்லுக்குப் பின் பெரும்பாலும் ‘ஒன்’ வரும், விற்பவரோ விலையோ பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.